புளியாரைக்கு ஒரு தனித் தொட்டி

களை என்று எல்லோரும் பிடுங்கி எறிகிற செடிக்குத் தனியாகத் தொட்டி ஒதுக்கினால் வீட்டில் ஒரு மாதிரிதான் பார்ப்பார்கள். புளியாரை விஷயத்தில் அந்தப் பார்வையில் நியாயமும் இருக்கிறது. ரோஜாத் தொட்டி, நடைபாதை விரிசல், சுவரோரம், தண்ணீர்க் குழாயடி என்று கூப்பிடாமலே வந்து உட்காருகிற செடி அது. ஆனால் அப்படித் தானாக வருவதில் இலை பொடிசாக இருக்கும், தண்டு நாராக இருக்கும், பறித்தால் பாதிக்குப் பாதி மண்தான் கையில் வரும். கொத்தாகக் கிள்ளி எடுக்கிற அளவுக்குத் தளதளவென்று இலை வேண்டுமானால் வளர்த்துத்தான் ஆக வேண்டும்.

வளர்ப்பதில் பெரிய சிரமம் கிடையாது. தொட்டிக்கு வெளியே அது கால் வைக்காமல் பார்த்துக்கொள்வதில்தான் மொத்த வேலையும் இருக்கிறது. அதனால் மண், தண்ணீர் பற்றிக் கொஞ்சமாகவும், காய் பற்றி நிறையவும் எழுதியிருக்கிறேன்.

முதலில் ஆள் யார் என்று உறுதி செய்துகொள்ள வேண்டும். ஒரு மெல்லிய காம்பின் நுனியில் மூன்று சிற்றிலைகள்; ஒவ்வொன்றும் இதய வடிவம், அகன்ற பக்கம் வெளியே, அதன் நடுவில் ஒரு வெட்டு. நடுநரம்பு நெடுக லேசான மடிப்பு இருக்கும். பூ மஞ்சள், ஐந்து இதழ், குறுக்களவு ஒரு சென்டிமீட்டருக்குள்தான். குளோவர், குதிரைமசால் ஆகியவற்றுக்கும் மூன்று சிற்றிலைதான், ஆனால் அவை முட்டை வடிவம். இதயம் போல் ஆழமாக வெட்டுப்பட்டிருக்காது. ஈர நிலத்தில் வருகிற ஆரைக்கீரைக்கு நான்கு சிற்றிலை, அது பூக்கவே பூக்காது, பெரணி வகை. வடிவத்தைப் பார்த்து உறுதி செய்த பிறகு ஒரு இலையைக் கடித்தால் சுருக்கென்று புளிக்கும். புளிப்பை வைத்து மட்டும் செடியை முடிவு செய்ய வேண்டாம்; வடிவம் முதலில், வாய் பிறகு.

மஞ்சள் பூப் பூக்கிற ஆக்சாலிஸ் இனத்திலேயே பல வகை உண்டு. நான் வைத்திருப்பது ஆக்சாலிஸ் கார்னிகுலேட்டா, 1753-ல் லின்னேயஸ் பெயர் வைத்த வகை. தண்டு தரையோடு படர்ந்து, கணுவுக்குக் கணு வேர் விடும். இலைக்காம்பு தண்டோடு சேரும் இடத்தை உற்றுப் பார்த்தால் இரண்டு பக்கமும் சின்னச் சிறகு மாதிரி இலையடிச் செதில் ஒட்டியிருக்கும். ஆக்சாலிஸ் ஸ்டிரிக்டா என்கிற இன்னொன்று நிமிர்ந்து வளரும், அந்தச் செதில் அதற்குக் கிடையாது, மண்ணுக்கடியில் மெல்லிய கிழங்குத்தண்டு ஓட்டும். ஆக்சாலிஸ் பெஸ்-காப்ரே என்று தென்னாப்பிரிக்காவிலிருந்து உலகம் சுற்றிய வகையில் பூ இரண்டு மடங்குக்கு மேல் பெரிசு, பார்க்க அழகு. அடியில் குமிழ் குமிழாகக் கிழங்கு வைக்கும். அதை மட்டும் மண்ணில் நட வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். விதை வைக்கிற செடியைக் கத்தரிக்கோலால் அடக்கலாம், கிழங்கு வைக்கிறதை அடக்க மண்ணையே சலிக்க வேண்டியிருக்கும். இந்தப் பதிவில் சொல்கிற எல்லாம் படரும் வகைக்குத்தான்.

தொட்டியும் மண்ணும்

ஆழம் தேவையில்லை, அகலம் தேவை. ஒல்லியான ஆணிவேர் ஒன்று இறங்கும் என்றாலும் செடியின் பரப்பு முழுக்கப் பக்கவாட்டில்தான். 35 சென்டிமீட்டர் அகலம், 12 முதல் 15 சென்டிமீட்டர் ஆழம் உள்ள தட்டையான தொட்டி எனக்குச் சரியாக இருக்கிறது. ஆழமான தொட்டியில் வைத்தால் அடிமண் ஈரமாகவே கிடந்து மேல்மண் காய்ந்துவிடுகிறது. எப்போது தண்ணீர் விடுவது என்றே கணக்குப் பிடிபடாது.

மண்கலவை பற்றி யாராவது நீளமாகச் சொன்னால் நம்பாதீர்கள். விரிசலில் முளைக்கிற செடிக்கு விசேஷக் கலவை எதற்கு? தோட்டமண் இரண்டு பங்கு, மட்கிய உரம் ஒரு பங்கு, மணல் ஒரு பங்கு. தண்ணீர் தேங்காமல் இறங்கினால் போதும். ஒன்றை மட்டும் சொல்ல வேண்டும்: உரத்தைக் கூட்டினால் இலை பெரிதாகும், காம்பு நீண்டு சாயும், நுனிகளில் அசுவினி வந்து ஒட்டும். பக்கத்துப் பக்கத்தில் ஒரு தொட்டிக்குச் சாண உரக் கரைசல் வாராவாரம், இன்னொன்றுக்கு எதுவுமே இல்லாமல் வைத்துப் பார்த்தேன். கரைசல் குடித்தது பார்வைக்குப் பசுமை, ஆனால் காம்புகள் காற்றடித்தால் படுத்துவிட்டன. சும்மா கிடந்தது குட்டையாக, அடர்த்தியாக நின்றது. இப்போது ஒவ்வொரு பெரிய அறுவடைக்குப் பின்னும் ஒரு கைப்பிடி மண்புழு உரத்தை மேலே தூவுவதோடு சரி.

தண்டிலிருந்தும் விதையிலிருந்தும்

இரண்டு வழியிலும் வரும். அவசரம் என்றால் தண்டு. படர்ந்த தண்டைத் தூக்கிப் பார்த்தால் கணுக்களின் அடியில் வெள்ளை வேர் எட்டிப் பார்க்கும். மூன்று நான்கு கணு உள்ள துண்டாக வெட்டி, பூவும் காயும் இருந்தால் கிள்ளிவிட்டு, ஈர மண்ணின் மேல் படுக்க வைத்து, கணு மண்ணில் படும்படி விரலால் அழுத்த வேண்டும். புதைக்க வேண்டாம், புதைத்தால் அழுகும். துண்டுக்குத் துண்டு நான்கு விரல் இடைவெளி. சில நாள் நிழலில் வைத்துப் பூவாளியால் ஈரம் காட்டினால், பழைய இலைகள் வாடி விழுந்தாலும் கணுவிலிருந்து புது இலை மடித்த குடையாக மேலே வரும். அது வந்துவிட்டால் வேர் பிடித்துவிட்டது என்று அர்த்தம்.

வெளியிலிருந்து துண்டு எடுத்து வருபவர்கள் எங்கிருந்து எடுக்கிறோம் என்று பார்க்க வேண்டும். சாலையோரம், மருந்து தெளித்த புல்வெளி இரண்டும் வேண்டாம். எங்கிருந்து வந்தாலும் முதல் வளர்ச்சியை நான் சாப்பிடுவதில்லை. அறுத்துப் போட்டுவிட்டு அடுத்த தளிரிலிருந்துதான் கணக்கு.

விதையில் ஒரே ஒரு விதி: மண்ணைப் போட்டு மூடக் கூடாது. இதன் விதை முளைக்க வெளிச்சம் வேண்டும். ஈரமான மண்ணின் மேலே தூவி, உள்ளங்கையால் ஒரு தட்டு தட்டி, ஒளி ஊடுருவும் மூடியால் மூடி, நேர் வெயில் படாத வெளிச்சத்தில் வைக்கிறேன். இதைச் சோதிப்பதற்காகவே ஒரு தட்டில் பாதிப் பக்கம் விதையின் மேல் ஒரு விரற்கடை மண் போட்டு வைத்தேன். மூடாத பாதி பச்சைப் பொட்டுகளாக நிறைந்தது. மூடிய பாதியில் ஓரத்தில், மண் மெலிந்த இடத்தில் மட்டும் ஒன்றிரண்டு. களை எடுப்பவர்களுக்கும் இது பயன்படுகிற செய்தி. கடைசியில் மறுபடி வருகிறேன்.

முளைத்ததும் வருகிற இரண்டு வித்திலைகள் சின்ன முட்டை வடிவில் இருக்கும், புளியாரை மாதிரியே தெரியாது. அடுத்து வருவதே மூன்று சிற்றிலைதான். அதற்கு முன்னால் வேறு ஏதோ முளைத்திருக்கிறது என்று கிள்ளிவிட வேண்டாம்.

வெயிலில் இலை தொங்கினால்

முதல்முறை வளர்க்கிற யாரும் குழம்புகிற இடம் இதுதான். உச்சி வெயிலில் எல்லா இலையும் நடுவில் மடிந்து, மூன்று சிற்றிலையும் காம்போடு ஒட்டித் தொங்கும். தண்ணீர் இல்லாமல் வாடிவிட்டது என்றுதான் தோன்றும், கை தானாகப் பூவாளிக்குப் போகும். ஆனால் இது வாட்டமே இல்லை. சிற்றிலைகள் காம்போடு சேரும் இடத்தில் கடுகுக்கும் சிறிய ஒரு மூட்டு இருக்கிறது. அந்த மூட்டில் உள்ள உயிரணுக்களில் நீரழுத்தம் ஏறி இறங்க, இலை விரிகிறது அல்லது மடிகிறது. வெளிச்சம் அளவுக்கு மிஞ்சினால் மடித்து வெயில் படும் பரப்பைக் குறைத்துக்கொள்கிறது. இரவிலும் அதே மாதிரி மடியும்.

எது மடிப்பு, எது வாட்டம் என்று கண்டுபிடிக்க ஒரு அட்டை போதும். மடிந்து கிடக்கிற தொட்டியில் பாதிக்கு மட்டும் அட்டையால் நிழல் கட்டுங்கள். வெறும் மடிப்பாக இருந்தால் நிழல் விழுந்த பாதியில் இலைகள் கொஞ்ச நேரத்தில் விரியத் தொடங்கிவிடும், வெயில் பக்கம் அப்படியே கிடக்கும். ஒரே தொட்டியில் கோடு போட்டது மாதிரி இரண்டு பாதியும் தெரிவதைப் பார்க்க வேடிக்கையாகவே இருக்கிறது. உண்மையான வாட்டத்தில் காம்பே துவண்டு சாய்ந்திருக்கும், நிழல் காட்டினாலும் நிமிராது, தொட்டியைத் தூக்கினால் லேசாக இருக்கும். காம்பு நேராக நின்று இலை மட்டும் மடிந்திருந்தால் தண்ணீர் வேண்டாம். அதை வாட்டம் என்று நினைத்து நாளுக்கு இரண்டு வேளை ஊற்றினால் அடித்தண்டு அழுகிவிடும்.

வெயில் கூடினால் இலை சிறுத்து, ஓரம் செம்மை ஏறி, தரையோடு பாய் விரித்தது போல் கிடக்கும். நிழல் கூடினால் இலை அகலமாகி, காம்பு நீண்டு, நிறம் வெளிறும், பூ குறையும். பறித்துச் சேர்க்க எனக்குப் பிடித்தது நடுவில் உள்ள இடம்: காலை வெயில் மூன்று நான்கு மணி நேரம், மதியத்துக்குமேல் நிழல். இலை பெரிதாகவும் இருக்கிறது, மெலிந்து சாய்வதும் இல்லை. இலையே கருஞ்சிவப்பாக வருகிற ஒரு ரகமும் இதே இனத்தில் உண்டு. அது வெயிலால் சிவந்ததில்லை, நிழலில் வைத்தாலும் ஓரளவு சிவப்பாகவே இருக்கும். அழகுக்கு வைத்துக்கொள்ளலாம். அதுவும் இதே மாதிரி விதை தெறிக்கிற ஆள்தான் என்பதை மறக்கக் கூடாது.

தண்ணீர் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. மேல்மண் விரலுக்கு உலர்ந்து தெரிந்தால் ஊற்றுவது. சாடியிலிருந்து கொட்டாமல் பூவாளியில் விடுவது. கொட்டினால் மண் தெறித்து இலையின் அடியில் ஒட்டிக்கொண்டு, பிறகு கழுவக் கழுவப் போகாது.

காய்: எல்லா வேலையும் இங்கேதான்

பூ வெளிச்சத்தில் விரியும், மாலையில் மூடிவிடும், மேகமூட்டமான நாளில் விரியாமலேகூட இருந்துவிடும். ஒரு பூவின் ஆயுள் மிகக் குறைவு. அது உதிர்ந்ததும் காம்பு கீழ்நோக்கி வளையும், ஆனால் அதன் நுனியில் காய் மட்டும் வானம் பார்த்து நிற்கும். ஒன்று முதல் இரண்டு சென்டிமீட்டர் நீளம், ஐந்து பட்டை, மேலே மெல்லிய ரோமம். வெண்டைக்காயைக் குட்டியாக்கி நிமிர்த்தி வைத்தது போல. இளங்காய் கடும் பச்சை, கிள்ளினால் சத்தமில்லாமல் ஒடியும். முற்ற முற்றப் பச்சை வெளிறி, பட்டைகளுக்கு இடையில் விதைகள் வரிசையாகப் புடைத்துத் தெரியும். அந்த நிலையில் தொட்டால் வெடிக்கும்.

காயின் சுவர் மொத்தமாகப் பிளந்து வெடிப்பது இல்லை. ஒவ்வொரு விதையையும் தனித்தனியாக ஒரு வெள்ளை உறை மூடியிருக்கிறது, ஈரம் நிறைந்து விறைப்பாக. அழுத்தம் எல்லை தாண்டும்போது உறை ஒரு பக்கம் கிழிந்து, உள்பக்கம் வெளியே வரும்படி சட்டென்று பிரள்கிறது. அந்த உதையில் விதை காயின் நீளவாட்டுப் பிளவு வழியாகப் பறக்கிறது. ஒன்று போனால் அந்த அதிர்ச்சியில் அடுத்தது, அடுத்தது என்று நொடியில் காய் காலியாகிவிடும். முற்றிய காயை விரல் நடுவில் வைத்து மெதுவாக அழுத்திப் பாருங்கள், பொரிகிற மாதிரி விரல் நுனியில் அதிரும். கையை விரித்தால் பழுப்பு விதைகளும், பக்கத்தில் சுருண்ட வெள்ளைத் தோல்களும் ஈரமாக ஒட்டியிருக்கும். விதை ஒரு மில்லிமீட்டர், ஒன்றரை மில்லிமீட்டர்தான். பூதக்கண்ணாடியில் பார்த்தால் குறுக்கே வரி வரியாக மேடு ஓடும். ஈரத்தோடு பறப்பதால் எதில் விழுந்தாலும் ஒட்டும்: தொட்டிச் சுவர், செருப்பு, கால்சட்டை விளிம்பு, பூனை.

எவ்வளவு தூரம் போகிறது என்று தெரிந்துகொள்ள, காய் நிறைந்த தொட்டியை வேண்டுமென்றே அறுக்காமல் விட்டு, சுற்றிலும் வெள்ளைத் துணி விரித்து வைத்தேன். சிந்தியதில் பெரும்பகுதி கை எட்டும் தூரத்துக்குள்தான். ஆனால் துணியின் விளிம்பு வரைக்கும் அங்கொன்று இங்கொன்றாகக் கிடந்தது, துணி முடிந்த இடத்தைத் தாண்டியும் போயிருக்கும். துணி ஒன்றரை மீட்டருக்குக் குறையாமல் விரிந்திருந்தது. தொட்டியை ஒரு முக்காலிமேல் தூக்கி வைத்தால் இன்னும் தூரம் போகும் என்பது சொல்லாமலே தெரியும். பக்கத்தில் என்ன தொட்டி இருக்கிறது என்று பார்த்துத்தான் இதற்கு இடம் ஒதுக்க வேண்டும். சிறு நாற்றுகள், கள்ளி வகைகள், குட்டைச் செடிகள் பக்கத்தில் வேண்டவே வேண்டாம். முள்ளுக்கு நடுவில் முளைத்த புளியாரையைப் பிடுங்கிப் பார்த்தவர்களுக்கு ஏன் என்று விளக்க வேண்டியதில்லை.

ஆகவே என் ஒரே சட்டம்: வாரம் ஒரு முறை கத்தரி, பூ இருந்தாலும் இல்லாவிட்டாலும். பூ காயாகி, முற்றி வெடிக்கச் சில வாரம் ஆகும். வாராவாரம் வெட்டினால் எந்தக் காயும் அந்த நிலைக்குப் போவதே இல்லை. மேலே இரண்டு விரல் உயரம் விட்டு, முடி வெட்டுவது போல் சமமாக வெட்டுவது. காய்களைத் தேடித் தேடிக் கிள்ளுவது வேலைக்காகாது, இலைக்கு அடியில் ஒளிந்திருக்கிறது எப்படியும் தப்பிவிடும். வெட்டியதும் தொட்டியின் விளிம்பைச் சுற்றி விரலை ஓட்டி, வெளியே தொங்குகிற தண்டுகளை உள்ளே மடக்கிவிட வேண்டும் அல்லது வெட்டிவிட வேண்டும். ஒரு தண்டு பக்கத்துத் தொட்டியின் மண்ணைத் தொட்டுவிட்டால் அங்கே கணுவில் வேர் விட்டுவிடும், பிறகு இங்கே வெட்டினாலும் அங்கே அது தனிக் குடித்தனம்.

இந்த வெட்டு வெறும் கட்டுப்பாட்டுக்காக மட்டும் இல்லை. வெட்டிய பின் வருகிற தளிர்தான் சாப்பிட நன்றாக இருக்கிறது. வெட்டாமல் விட்ட செடியில் நடுப்பகுதி மொட்டையாகி, பழைய தண்டுகள் பழுப்பு நூலாகப் பின்னிக்கொண்டு, இலையெல்லாம் ஓரத்துக்குப் போய்விடும். அந்த நிலைக்கு வந்த தொட்டியைக் காப்பாற்றுவதில் அர்த்தம் இல்லை. ஓரத்திலிருந்து நல்ல துண்டுகளை எடுத்துப் புது மண்ணில் படுக்க வைத்துவிட்டு, பழையதைக் கலைத்துவிடுவேன்.

விதை வேண்டுமானால் ஒரே ஒரு தண்டை மட்டும் காய்க்க விடுவேன். காய்கள் வெளிறத் தொடங்கியதும், தொடாமல், காம்போடு கத்தரித்து நேராகக் காகித உறைக்குள் போட்டு வாயை மடித்துவிடுவது. உறை மேசையில் கிடக்கும், அன்றும் மறுநாளும் உள்ளே பட், பட் என்று தட்டுகிற சத்தம் கேட்கும். காய் காய்ந்ததும் தோல்களை ஊதிவிட்டு விதையை எடுத்து வைக்கலாம். பிளாஸ்டிக் உறை வேண்டாம், ஈரத்தில் பூஞ்சை பிடிக்கும்.

வந்து சேரும் விருந்தாளிகள்

இலையில் பச்சை போய், மெல்லிய கண்ணாடித் தோல் மட்டும் மிச்சமாகச் சின்னச் சின்ன ஜன்னல்கள் தெரிந்தால், அடியில் திருப்பிப் பாருங்கள். ஒரு சென்டிமீட்டர்கூட இல்லாத, தட்டையான பச்சைப் புழு இருக்கலாம். எறும்பு அதைச் சுற்றி வந்தால் இன்னும் நிச்சயம். சூடோசிசீரியா மகா என்கிற வெளிர்நீலப் பட்டாம்பூச்சியின் புழு அது, ஆசியாவின் பல பகுதிகளில் இருக்கிறது, ஆக்சாலிஸ்தான் அதன் உணவு. 2011-ல் ஃபுகுஷிமா அணு உலை விபத்து நடந்த பிறகு, கதிரியக்கத்தின் தாக்கத்தைப் பார்க்க ஜப்பான் ஆய்வாளர்கள் எடுத்துக்கொண்டது இந்தப் பட்டாம்பூச்சியைத்தான்; அந்தப் பகுதியின் புளியாரை இலைகளையே புழுக்களுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். நான் இந்தப் புழுவுக்கு மருந்து அடிப்பதில்லை. அது தின்பது கொஞ்சம், செடி திருப்பித் தருவது நிறைய.

சிலந்திப்பேன் வேறு கதை. உலர்ந்த, சூடான நாட்களில் இலை முழுக்க வெள்ளிப் பொடி தூவியது போல் புள்ளி விழும், கிட்டப் பார்த்தால் சிவப்பாக ஊசிமுனை அளவில் ஏதோ நகரும். செடியைத் தரைமட்டத்துக்கு அறுத்து, அறுத்ததை மூடிய பையில் போட்டு வெளியேற்றிவிட்டு, தொட்டியை நிழலுக்கு மாற்றி இரண்டு மூன்று நாள் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சினால் போதும். சாப்பிடுகிற இலையில் மருந்து தெளித்து அலைவதைவிட மறுபடி தளிர்க்க விடுவது சுலபம்.

இலையின் அடியில் ஆரஞ்சுப் பொடி படிந்திருந்தால் அது துரு நோய். அறுத்து அகற்றுவது ஒன்றே வழி. பக்கத்தில் மக்காச்சோளம் வைத்திருப்பவர்கள் ஒரு செய்தியைத் தெரிந்து வைத்துக்கொள்ளலாம்: மக்காச்சோளத்தின் துரு நோய்க்குக் காரணமான பக்சீனியா சோர்கை என்கிற பூஞ்சை, தன் வாழ்க்கைச் சுற்றின் ஒரு கட்டத்தை ஆக்சாலிஸ் செடிகளில் கழிக்கக்கூடியது. மக்காச்சோளத்திலிருந்து மக்காச்சோளத்துக்கே காற்றில் அது பரவிவிடும் என்பதால் புளியாரையை ஒழித்தால் துரு ஒழியும் என்று கிடையாது. ஆனாலும் இரண்டையும் ஒட்டி வைக்க வேண்டிய அவசியமும் இல்லை.

பறிப்பதும், எவ்வளவு என்பதும்

காலையில், இலை விரிந்து, வெயில் ஏறுமுன் பறிப்பது நல்லது. மதியத்தில் மடிந்த இலையைப் பறித்தால் மடிப்புக்குள் தூசி தங்கிவிடுகிறது. அகலமான பாத்திரத்தில் நிறையத் தண்ணீர் விட்டு, கொத்தைத் தலைகீழாக முக்கி அலசி எடுத்தால் மண் அடியில் தங்கும். பறித்தது வேகமாக வாடும், அன்றே தீர்த்துவிட வேண்டும்.

புளிப்புக்குக் காரணம் இதில் உள்ள ஆக்சாலிக் அமிலமும் அதன் உப்புகளும். கொஞ்சமாக, சுவைக்காகச் சேர்ப்பவருக்குப் பிரச்சினை இல்லை. தட்டு நிறைய, தினமும் என்று போகக் கூடாது. சிறுநீரகக் கற்களில் அதிகம் காணப்படுவது கால்சியம் ஆக்சலேட் கல்தான். கல் வந்தவர்கள், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் இதை விட்டுவிடுவது நல்லது. மருத்துவரைக் கேட்காமல் தொட வேண்டாம். நிறையத் தண்ணீரில் வேகவைத்து அந்தத் தண்ணீரைக் கொட்டினால் கரையக்கூடிய ஆக்சலேட்டில் ஒரு பகுதி போகும், புளிப்பும் கூடவே போகும். ஆடு, முயல் வளர்ப்பவர்களும் வெட்டியதையெல்லாம் கூடை கூடையாக அவற்றின் முன் கொட்ட வேண்டாம். சமைப்பதானால் எவர்சில்வர், மண், கண்ணாடிப் பாத்திரம். அலுமினியமும் ஈயம் பூசாத செம்பும் கூடாது, அமிலம் உலோகத்தை அரிக்கும்.

அந்த அரிப்பைக் கண்ணால் பார்க்க ஆசைப்பட்டால், கறுத்துப் போன பித்தளைப் பொருள் ஒன்றில் ஒரு கைப்பிடி இலையைக் கசக்கித் தேய்த்துப் பாருங்கள். சாறு பட்ட இடம் மட்டும் மஞ்சளாகப் பளிச்சிடும். முற்றிய, சாப்பிட லாயக்கில்லாத இலைகளை நான் இதற்குத்தான் வைத்துக்கொள்கிறேன். தேய்த்து முடித்ததும் நன்றாகக் கழுவிவிட வேண்டும், விட்டால் பச்சைக் கறை ஏறும்.

வேலி தாண்டியதைப் பிடுங்குவது

எவ்வளவு வெட்டினாலும் இரண்டொரு விதை தப்பித்தான் போகும். பக்கத்துத் தொட்டியில் முளைத்ததைக் காய்ந்த மண்ணிலிருந்து இழுத்தால் தண்டு அறுந்து கையோடு வரும், ஆணிவேர் உள்ளேயே நிற்கும், மறுபடி துளிர்க்கும். முதலில் மண்ணை நன்றாக நனைத்துவிட வேண்டும். பிறகு பழைய ஸ்குரூடிரைவரைத் தண்டோடு ஒட்டி நேராக இறக்கி, ஒரு நெம்பு நெம்பி, கொத்தின் கழுத்தைப் பிடித்துத் தூக்கினால் வேர் முழுசாக வரும். படர்ந்துவிட்டதென்றால் ஓரத்திலிருந்து இழுக்கக் கூடாது. தண்டைப் பின்தொடர்ந்து நடுக்கழுத்து எங்கே என்று தேடி, அங்கிருந்து தொடங்க வேண்டும், இல்லாவிட்டால் கணுவுக்குக் கணு ஒரு செடி மிஞ்சும். காய் இருக்கிற செடியானால் பிடுங்குவதற்கு முன்பே ஈரத்துணி ஒன்றை மேலே போட்டு அமுக்கிவிடுவேன். வெடித்தாலும் விதை துணியோடு நிற்கும்.

பிடுங்கியதை உரக்குழியில் போடலாமா? இலையும் தண்டும் நன்றாகக் காய்ந்த பிறகு போடலாம். காய் இருந்தால் கூடாது, வீட்டுக் குழிகள் விதை சாகிற அளவுக்குச் சூடேறுவது அபூர்வம்.

தொட்டியைக் கலைக்கும்போது மிஞ்சுகிற பழைய மண்ணும் விதை நிறைந்ததுதான். அதை எறிய வேண்டிய அவசியம் இல்லை. வெளிச்சம் இல்லாமல் முளைக்காது என்பதை அந்தச் சோதனைத் தட்டில் பார்த்தேன் அல்லவா, அதையே இங்கே பயன்படுத்துகிறேன். ஆழமான தொட்டி எதையாவது புதிதாக நிரப்பும்போது, பழைய மண்ணை அடியில் கொட்டி, மேலே குறைந்தது 10 சென்டிமீட்டர் புது மண் போட்டுவிடுவேன். அந்தத் தொட்டியை மட்டும் கிளறக் கூடாது. எந்தத் தொட்டி என்று மறக்காமலிருக்க அதன் விளிம்பில் பெயின்ட்டால் ஒரு கோடு இழுத்து வைத்திருக்கிறேன்.